புதுச்சேரி கடற்கரை மணல் எங்கே போனது?

ஐம்பது வயதைத் தாண்டிய புதுச்சேரிக்காரர்களைக் கேட்டால், காந்தி சிலைக்கு எதிரே மணலில் விளையாடியதைச் சொல்வார்கள். அடுத்து வந்த தலைமுறைக்கு அந்த இடம் கருங்கல் குவியல்தான். ஆனால் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, வீராம்பட்டினம் பக்கம் போனால் மணல் நிறைந்து கிடக்கும். கடல் ஒன்றுதான், அலையும் ஒன்றுதான். இரண்டு இடத்துக்கும் நடுவே, 1980களின் பிற்பாதியில் கட்டிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் நிற்கின்றன.

சுற்றுச்சூழல் கல்விப் பாடத்தில் கடலரிப்பு சில வரிகளில் முடிந்துவிடும். நம் ஊரில் கண்முன்னே நடந்ததை வைத்துப் பார்த்தால் அதை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ளலாம்.

கரையில் கிடக்கும் மணல் அங்கேயே கிடப்பதாகத்தான் தோன்றும். உண்மையில் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம், சற்றே சாய்ந்துதான் வரும். ஆழம் குறையக் குறைய அதன் வேகமும் குறையும். 10 மீட்டர் ஆழத்தில் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் வரும் அலை, 2 மீட்டர் ஆழத்தில் சுமார் நாலரை மீட்டருக்கு இறங்கிவிடும். சாய்ந்து வரும் அலையின் ஒரு முனை முதலில் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து மெதுவாகிறது. மறுமுனையோ இன்னும் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. அதனால் அலை கரையை நோக்கி வளைகிறது. ஆனால் முழுக்க நேராவதற்குள் உடைந்துவிடும். மிச்சமிருக்கும் அந்தச் சாய்வுதான் மணலை நகர்த்துகிறது.

உடையும் அலை மணலைக் கிளப்பிக் கரைமேல் சாய்வாக ஏற்றுகிறது. திரும்பும் தண்ணீர் சரிவில் நேராக இறங்குகிறது. இப்படி ஏறி இறங்கும்போது, ஒவ்வொரு அலைக்கும் மணல் கரையோரமாகக் கொஞ்சம் தள்ளிப்போகிறது. அலை உடையும் பகுதிக்குள்ளேயே கரைக்கு இணையாக ஒரு நீரோட்டமும் ஓடுகிறது. கலங்கிய மணலை அதுவும் அள்ளிக்கொண்டு போகிறது.

எந்தத் திசையில் என்பது பருவத்தைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலும் அதையொட்டியும், தென்கிழக்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறி மணல் தெற்கே போகும். அந்த அலைகள் முரட்டுத்தனமானவை என்றாலும் சில மாதங்களுக்குத்தான் அடிக்கும். ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம், லட்சக்கணக்கான கன மீட்டர்.

இந்தப் பாதையில் சுவர் எழுப்பினால் என்ன ஆகும் என்பது சென்னையில் நூறாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1870களில் அங்கே துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கிய பிறகு, தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் கரை அரிக்கப்பட்டது. புதுச்சேரியில் நடந்ததும் இதேதான்.

கடலுக்குள் எதைக் கட்டினாலும் கேடு என்று இதற்கு அர்த்தமில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பாலம் ஒன்று 1952 புயலில் அழியும்வரை புதுச்சேரிக் கடலுக்குள் நீண்டிருந்தது. அதற்குப் பதிலாக அறுபதுகளில் வந்த பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. இரண்டுமே தூண்கள்மேல் நின்றவை. தூண்களுக்கிடையே தண்ணீரும் மணலும் போய்வர முடிந்தது. கற்சுவர் அதற்கு வழிவிடாது.

தெற்கே தேங்கும் மணலை இயந்திரம் வைத்து எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக இயங்கவில்லை. இந்த விவகாரத்தில் அதிகம் பேச வேண்டியது இதைத்தான் என்பேன். துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுவதைவிட, சுவர் மறித்த மணலை ஆண்டுதோறும் யார் கைமாற்றிவிடுவது என்று கேட்பது பயனுள்ளது. கரையின் மணலுக்கு வரவு செலவுக் கணக்கு உண்டு. வரவை நிறுத்திய பிறகும் கடல் தன் செலவைக் குறைத்துக்கொள்ளாது.

அரிப்பு தொடங்கியதும் கல் கொட்டினார்கள். கல், சாலையைக் காப்பாற்றும், மணலைக் காப்பாற்றாது. சரிவான மணலில் ஏறும் அலை அங்கேயே தன் வலுவை இழக்கும். கல்லில் மோதும் அலையோ கணிசமான வலுவோடு திரும்பி, கல்லின் அடியிலுள்ள மணலைத் தோண்டும். அடியில் ஆழம் கூடினால் இன்னும் பெரிய அலை கரைவரை வரும். அதற்கு இன்னும் கல் வேண்டும். கல் முடியும் இடத்தில், அடுத்த குப்பத்தில், அரிப்பு ஆரம்பிக்கும். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவும் இப்படித்தான்: தனக்குத் தெற்கே மணலைப் பிடித்துவைத்து, வடக்கே இருப்பவர்களுக்குப் போகவேண்டியதைக் குறைக்கும். குருசுக்குப்பம், சோலை நகர், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று பிரச்சினை வடக்கே நகர்ந்தது இதனால்தான். நடுவில் மாநில எல்லையும் மாறி மாறி வருகிறது. மணல் அதைப் பார்த்தா ஓடுகிறது?

கரை போனால் படகு ஏற்ற இடமில்லை, கரைவலை இழுக்க இடமில்லை, வலை காயப்போட இடமில்லை. ஜனவரி தொடங்கி முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் மணல்தான் வேண்டும். வீடு இழந்தவர்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு, தொழிலிடம் இழந்தவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை.

வரவு இன்னொரு பக்கமும் குறைகிறது. இந்தக் கரைக்கு மணல் கொண்டுவருவதில் ஆறுகளுக்கும் பங்கு உண்டு. கடலூருக்கு வடக்கே கடலில் சேரும் தென்பெண்ணை அவற்றில் ஒன்று. அதன் குறுக்கே 1958இல் கட்டி முடித்த சாத்தனூர் அணைக்குப் பின்னால் வண்டல் தங்குகிறது. அணைக்குக் கீழே ஆற்று மணலை லாரியில் அள்ளுவதும் கடைசியில் கடற்கரையிலிருந்து எடுப்பதாகத்தான் முடியும்.

சரி, போன மணலைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? ஓரளவு முடியும் என்பதைப் புதுச்சேரியே காட்டியது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். அலை அதன்மேல், கரைக்கு முன்னதாகவே உடைகிறது. அதற்குப் பின்னால் தண்ணீர் அடங்குவதால், மிதந்துவரும் மணல் படிகிறது. துறைமுக வாயிலைத் தூர்வாரிய மணலையும் கரையில் சேர்த்தார்கள். காந்தி சிலைப் பக்கம் மறுபடியும் மணலில் கால்வைக்க முடிந்தது. ஆனால் இது மணலைப் பிடிக்கும் ஏற்பாடு, மணலை உண்டாக்காது. தெற்கிலிருந்து வரவு தொடரவில்லையென்றால் வடக்குக் குப்பங்களின் பற்றாக்குறை அப்படியே இருக்கும்.

களப்பணிக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் இதை எளிதாகவே அளந்து பார்க்கலாம். கரையில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நடுங்கள். அலை உடையும் இடத்தில் ஒரு மட்டைத் தேங்காயை வீசி, அது ஒரு குச்சிக்கு நேரிலிருந்து அடுத்த குச்சிக்கு நேரே வர எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று குறியுங்கள். நீங்கள் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஜூனில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை, அதே இடத்தில் செய்யுங்கள். கரையின் அகலத்தையும் இரண்டு முறையும் அளக்க வேண்டும். டிசம்பரில் குறுகிப்போன கரையை மட்டும் பார்த்து அரிப்பு என்று எழுதிவிடாதீர்கள். மழைக்கால அலை மணலைக் கொஞ்சம் கடலுக்குள் இழுத்துத் திட்டாக வைக்கும். கோடையில் அமைதியான அலை அதைத் திருப்பிக் கொண்டுவரும். ஆண்டுக்காண்டு அதே மாதத்தில் அளந்தும் அகலம் குறைந்துகொண்டே போனால்தான் அது அரிப்பு.