காரை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்

“அண்ணே, வேகன் ஆரா, விட்ஸா? எதை எடுக்கலாம்னு நீங்களே சொல்லிருங்க.”

பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கும் சேர் ஒருவர் ஹட்டனில் என் கராஜுக்கு வந்து கேட்டது இது. போனில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று சுசூகி வேகன் ஆர், மற்றது டொயோட்டா விட்ஸ். இரண்டும் வெள்ளைக் கார், இரண்டும் கொழும்பில் விலைக்கு நிற்பவை. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு அம்மா. பத்து வருஷச் சேமிப்போடு லீசிங்கும் போட்டு எடுக்கப் போகிறார்.

“சேர், வீட்டுக்குப் போற ரோட்டுல கடைசி ரெண்டு கிலோமீற்றர் எப்படி?”

“கல் ரோடுதாண்ணே. மழை பெய்ஞ்சா ஓட்டோக்காரங்களே வர மாட்டாங்க.”

“அஞ்சு பேரும் ஏறி ஒரு ஏத்தத்துல நிப்பாட்டி எடுத்துப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. கொழும்பில் காலி வீதியில் பத்து நிமிஷம் ஓட்டியிருக்கிறார். ஏசி நன்றாக வேலை செய்ததாம்.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சுசூகியா டொயோட்டாவா, ஹொண்டாவா நிசானா என்ற கேள்வி ஓயவேயில்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது பழைய கார்களின் விலை எங்கேயோ போனது. 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது நம்மவர்களில் பலருக்கு எட்டாது. ஆகவே பத்து வருஷம் ஓடிய காரைத்தான் வாங்குகிறோம். பத்து வருஷம் ஓடிய காரில், முன்னால் ஒட்டியிருக்கும் சின்னத்தைவிட அதை வைத்திருந்தவர் எப்படிப் பார்த்தார் என்பதுதான் பெரிது. அதற்கும் முன்னால், அந்த வகைக் கார் நம் மலைக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும்.

உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கொழும்பில் 50 குதிரைவலு தரும் எஞ்சின் அங்கே 40 தந்தாலே பெரிய காரியம். அந்த 40ஐ வைத்துக்கொண்டுதான் குடும்பத்தையும் அரிசி மூட்டையையும் அது இழுக்க வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சேரின் இரண்டு படங்களையும் பார்ப்போம். ஜப்பான் வேகன் ஆரின் எஞ்சின் சிறியது, 658 சிசி. ஹைபிரிட் என்று பின்னால் எழுதியிருந்தாலும் அதிலுள்ள சின்ன மோட்டார் சில விநாடிகள்தான் கைகொடுக்கும். டவுனுக்குள் ஓட, பெற்றோல் மிச்சம் பிடிக்க அருமையான கார். நானே பலருக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஜப்பான் சட்டப்படி அது நான்கு பேருக்கான வாகனம். பின் சீட்டில் இரண்டு பெல்ட்தான் இருக்கும். சேரின் குடும்பத்தில் ஐந்து பேர். யாருக்குப் பெல்ட் இல்லாமல் விடுவது? இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. படத்தில் அவர் சீட்டின் நிறத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

விட்ஸில் ஐந்து பேர் போகலாம். ஆனால் அதிலும் 1000 சிசி இருக்கிறது, 1300 சிசி இருக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். 1000இல் மூன்று சிலிண்டர். ஐந்து பேரோடு செங்குத்தான வளைவில் மூச்சு வாங்கும். நம் பக்கம் என்றால் 1300ஐத் தேடுங்கள். இந்திய ஆல்டோ 800 சிறியதுதான், ஆனாலும் எடை குறைவு, கையால் கியர் போடலாம், பார்ட்ஸ் எந்த டவுனிலும் கிடைக்கும். தோட்ட ரோட்டில் தனியாளாக வேலைக்குப் போய்வருபவருக்கு அதைவிட நிம்மதியான கார் குறைவு.

டொயோட்டா அக்வா, எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட். ஏற்றத்தில் நன்றாக இழுக்கும், மின்மோட்டாருக்குக் காற்றின் அடர்த்தி ஒரு பொருட்டில்லை. ஆனால் பேட்டரி சிறியது. நீண்ட ஏற்றத்தில் அது இறங்கிவிட்டால் எஞ்சின் சத்தம் போட ஆரம்பிக்கும், அது பழுதல்ல. வாங்கும்போது பின் சீட்டுக்குக் கீழே பேட்டரிக்குக் காற்றுப் போகும் வலையைக் குனிந்து பாருங்கள். ஒரு காரில் அதிலிருந்து கைப்பிடியளவு தூசியும் இரண்டு டொபி உறையும் எடுத்தேன். காற்று அடைபட்ட பேட்டரி சூட்டிலேயே ஆயுளை முடித்துக்கொள்ளும், மாற்றும் செலவு பல இலட்சம்.

2013இல் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டும் அதே கியர்ப்பெட்டியோடு வந்த வெசலும் வெளிவந்த வேகத்திலேயே ஜப்பானில் பலமுறை திருத்தத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டதா என்று பதிவைக் கேளுங்கள். அந்தக் கியர்ப்பெட்டியின் கிளட்ச் எண்ணெயில் மூழ்காத வகை. ஏற்றத்தில் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும். வார இறுதியில் நுவரெலியா டவுனுக்குள் நுழைந்தவர்களுக்கு அந்த ஊர்தல் தெரியும்.

எல்லோரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்குப் பயம் இறக்கத்தில். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா குறுக்குப் பாதை விபத்தில் 7 உயிர்கள் போன பிறகு இறக்கம் என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140இலேயே கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும், மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், கார் நிற்காது. எந்தக் கம்பெனிக் காருக்கும் இதுதான் கதி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள். இறங்கும்போது எல், எஸ், பி என்று உங்கள் காரின் கியர் லீவரில் எந்த எழுத்து இருக்கிறதோ அதில் போட்டு எஞ்சினால் வேகத்தைப் பிடியுங்கள். கார் வாங்குவதற்கு முன் குடும்பத்தோடு ஓர் ஏற்றம் ஏறி, ஓர் இறக்கம் இறங்கி, கீழே நிறுத்திச் சில்லுகளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட்டுவிட வேண்டாம். ஒரு சில்லில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கருகிய வாடை வந்தாலும் விசாரியுங்கள்.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரை நம்பி நானும் ஒருமுறை ஏமாந்தேன். மச்சானுக்காக ஒரு விற்பனை நிலையத்தில் கார் எடுத்தோம். மீற்றரில் 58,000. நண்பர் சொன்ன இடம் என்பதால் அவசரப்பட்டுவிட்டேன். பணத்தைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவும்போது சாரதிக் கதவின் உள்விளிம்பில் ஒரு சின்ன ஸ்டிக்கர். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி, இலக்கம் மட்டும் வாசிக்க முடிந்தது: ஒயில் மாற்றியபோது 91,400. மச்சான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்தக் காராக இருந்தாலும் முதலில் கதவைத் திறந்து விளிம்பைப் பார்க்கிறேன். பிரேக் மிதியின் ரப்பர், சாரதி சீட்டின் ஓரம், ஸ்டியரிங் தோல் மூன்றையும் பார்க்கிறேன். மீற்றரைத் திருப்பியவன் இவற்றை மாற்ற மெனக்கெடுவது குறைவு.

சேர் கொழும்பு விட்ஸ்காரருக்குப் போன் போட்டு, கடுகண்ணாவை வரை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். அவர் மறுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்துக் கம்பளையில் ஒரு 1300 கிடைத்தது. அதன் சொந்தக்காரர் தடையேதும் சொல்லவில்லை. சேரின் அம்மா உட்பட எல்லோரும் ஏறினார்கள், நானும் கார்ச் சொந்தக்காரரும் ஓட்டோவில் பின்னால் போனோம். புசல்லாவை வரை ஏறி, திரும்பி இறங்கினார்கள். நான்கு சில்லும் ஒரே சூடு.

வாங்கிய மறுநாள் பிரேக் ஒயிலை மாற்றினேன். பழையது கடும் பிளேன்டீ நிறத்தில் வந்தது. சேர் அதைப் போத்தலோடு வாங்கி, பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்டப் போவதாகச் சொல்லிக் கொண்டுபோனார்.