தொள்ளாயிரம் அட்டைத் துண்டுகள்

ஓர் ஊர் பல நூற்றாண்டுகள் ஒரே இடத்தில் நிலைத்திருந்தால் அங்கே மேடு எழும்பும். இடிந்த வீட்டின் மேல் ஒரு வீடு, அதுவும் இடிந்தபின் அதன் மேல் இன்னொன்று. தோண்டுகிறவருக்கு அடியில் கிடப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. இடுகாட்டில் இந்த வசதி கிடையாது. குழிகள் பக்கம்பக்கமாகக் கிடக்கும். எது பாட்டன் குழி, எது பேரன் குழி என்று மண் சொல்லாது.

1894இன் இறுதியில் எகிப்தின் தென்பகுதியில், நக்காடாவில் தோண்டத் தொடங்கிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி இப்படித்தான் சிக்கிக்கொண்டார். இரண்டாயிரத்துக்கும் அதிகமான குழிகள். முழங்காலை மடக்கிப் படுக்கவைத்த உடல்கள், அவற்றைச் சுற்றிப் பானைகள். எழுத்து இல்லை, அரசன் பெயர் இல்லை, நாணயம் இல்லை.

இந்த மனிதர் பள்ளிக்கூடம் போனதில்லை. 1853இல் லண்டனுக்கு அருகே சார்ல்டனில் பிறந்தவர். நோஞ்சான் பிள்ளை என்று வீட்டிலேயே பாடம். பொறியாளரான தந்தையுடன் சேர்ந்து ஸ்டோன்ஹெஞ்ச் கற்களை அளந்து பழகினார். கிசாவின் பெரிய பிரமிடின் அளவுகளில் தெய்வ ரகசியம் பொதிந்திருக்கிறது என்றொரு நம்பிக்கை அன்றைய இங்கிலாந்தில் உலவியது. தந்தைக்கு அதில் ஈடுபாடு. 1880இல் மகன் அங்கே போய், ஒரு பாறைக் கல்லறையில் குடியிருந்து, பிரமிடைத் துல்லியமாக அளந்தார். அந்த அளவுகளோடு நம்பிக்கை கவிழ்ந்தது. அன்றுமுதல் அவருக்குப் பொன்னைவிட ஓடு பெரிது. மற்றவர்கள் சிலைகளையும் நகைகளையும் தேடிய காலத்தில் இவர் உடைந்த பானையைப் பொறுக்கி எண் எழுதினார். துத்தன்காமன் கல்லறையால் பின்னர் உலகப் புகழ் பெற்ற ஹோவர்ட் கார்ட்டர், 1892இல் அமர்னாவில் தொழில் கற்றது இவரிடம்தான்.

நக்காடா குழிகளைப் பற்றி அவர் முதலில் சொன்னது தவறு. எகிப்துக்குள் நடுவில் புகுந்த ஒரு ‘புதிய இன’த்தின் இடுகாடு என்றார். இவை அரசர்கள் தோன்றுவதற்கும் முந்தைய எகிப்தியரின் குழிகள் என்று பிரெஞ்சு ஆய்வாளர் ழாக் த மோர்கன் காட்டினார். பீட்ரி பிறகு ஏற்றுக்கொண்டார். சரி, வரலாற்றுக்கு முந்தையவை. அவற்றுக்குள் எது முந்தியது?

முதலில் பானைகளை ஒன்பது இனங்களாகப் பிரித்தார்: வாய்ப்பக்கம் கறுத்தவை, சிவப்பாக மெருகேற்றியவை, வெள்ளைக் கோடு போட்டவை, சொரசொரப்பானவை என்று. ஒவ்வோர் இனத்துக்குள்ளும் வடிவ வேறுபாடுகளுக்குத் தனித்தனி எண். பிறகு ஐந்து வகைப் பானைகளாவது உள்ள குழிகளை மட்டும் எடுத்து, குழிக்கு ஓர் அட்டைத் துண்டு வெட்டினார். மொத்தம் 900. ஒவ்வொரு துண்டிலும் ஒன்பது கட்டங்கள். அந்தக் குழியில் கிடைத்த வகைகளின் எண்கள் அவற்றில். இனி வேலை துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்குவதுதான்.

எந்த விதிப்படி அடுக்குவது? மூன்று வீடுகளின் பட்டியல் நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் அரிக்கேன் விளக்கு மட்டும். இன்னொன்றில் அரிக்கேன் விளக்கும் டிரான்சிஸ்டர் வானொலியும். மூன்றாவதில் டிரான்சிஸ்டரும் கைபேசியும். தேதி எதுவும் தெரியாவிட்டாலும் இரண்டாவது வீடு நடுவில்தான் வரும் என்று சொல்லிவிடலாம். ஒரு பாணி தோன்றும், பரவும், மறையும். மறைந்தது பெரும்பாலும் திரும்பாது. ஆகவே ஒரே வகைப் பானை உள்ள துண்டுகள் வரிசையில் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும். ஒரு வகை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறினால் அடுக்கு தவறு.

இதில் ஒரு கண்ணி உண்டு. இந்த விதி வரிசையைத் தரும், திசையைத் தராது. கைபேசியிலிருந்து அரிக்கேனுக்குப் போனாலும் விதி மீறப்படவில்லை. திசையைக் காட்டியது ஒரு சாடி. அதன் ஒரு வடிவத்தில் வயிறு பருத்திருக்கும். இரு பக்கமும் அலைபோல் நெளிந்த கைப்பிடி, தூக்க உதவும். இன்னொன்றில் உடல் ஒடுங்கி, பிடி சிறுத்திருக்கும். மற்றொன்று குழாய்போல் நேராக நிற்கும். பிடி இருந்த இடத்தில் நெளிகோடு ஒன்று மட்டும், வெறும் அலங்காரம். உபயோகமுள்ள பிடி தேய்ந்து கோலமாகலாம். கோலம் வளர்ந்து பிடியாகாது. கோடு மட்டும் எஞ்சிய சாடிகள் முதல் அரச வம்சத்துப் பொருள்களோடு ஒத்தும் போயின. அந்த முனைதான் பிந்தியது.

நம் கோயில் தூண்களின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையைப் பார்த்துக் காலம் சொல்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பல்லவர் காலத்தில் சுருளாக இருந்தது சோழர் காலத்தில் கோணமாகி, விஜயநகரக் காலத்தில் தலைகீழ்ப் பூமொட்டாகத் தொங்குகிறது. புதுச்சேரியில் பணியாற்றிய ழூவோ துப்ரேய் 1914இல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றத்தை வைத்துத்தான் கோயில்களை வரிசைப்படுத்தினார்.

900 துண்டுகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்கிட்டால், விடை இரண்டாயிரம் இலக்கங்களைத் தாண்டும் ஓர் எண். பீட்ரி கையாலும் கண்ணாலும் அதில் ஒன்றைக் கண்டுபிடித்து 1901இல் வெளியிட்டார். 1960களில் டேவிட் கெண்டல் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் இதே வேலையைக் கணக்காக எழுதிப் பார்த்தார். வரிசைகளில் குழிகள், நெடுவரிசைகளில் பானை வகைகள். இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. எல்லா 1களும் மூலைவிட்டத்தை ஒட்டித் திரளும்வரை வரிசைகளை மாற்ற வேண்டும். இன்று கணினி செய்வதும் இதையேதான்.

முறைக்குக் குறைகளும் உண்டு. பீட்ரி வரிசையைப் படிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். 50ஆம் படிக்கும் 51க்கும் இடையே எத்தனை ஆண்டு என்று அது சொல்லாது. இரண்டு படிகள் ஒரே நீளமாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. பீட்ரி தாமாக ஊகித்த ஆண்டுகள் மிகவும் பழையவை. கதிர்க்கரிமக் கணிப்பு நக்காடா காலத்தை ஏறத்தாழ கி.மு. 4000க்கும் 3000க்கும் இடையே வைத்தது. 1957இல் ஜெர்மன் ஆய்வாளர் வெர்னர் கைசர், அர்மந்த் என்ற இடுகாட்டில் குழிகள் எந்தப் பக்கமாகப் பரவின என்பதை வைத்துச் சரிபார்த்துச் சில திருத்தங்கள் சொன்னார். அடிப்படை வரிசை நின்றது.

பானை விஷயத்தில் இவ்வளவு நிதானமாக இருந்தவர் மனிதர் விஷயத்தில் அப்படி இல்லை. பண்பாடு மாறினால் புதிய இனம் வந்திருக்கிறது என்றே அவர் மனம் ஓடியது. ‘புதிய இன’த் தவறும் அங்கிருந்து வந்ததுதான் என்பது என் எண்ணம். இனமேம்பாட்டுக் கொள்கையின் தந்தையான பிரான்சிஸ் கால்டனுக்கு நெருக்கமானவர் அவர். நக்காடா மண்டையோடுகளை அளப்பதற்காக லண்டனுக்கு அனுப்பினார். 1942இல் எருசலேமில் இறந்தபோது உடலைச் சீயோன் மலையில் புதைத்துவிட்டு, தலையை மட்டும் லண்டன் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். அது அவருடைய விருப்பம். சேமிப்பறையில் ஜாடியின் பெயர்ச்சீட்டு உதிர்ந்து, யாருடைய தலை என்று தெரியாமல் சில காலம் கிடந்தது.

அவருடைய எண்வரிசையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. கையில் இருந்த குழிகளுக்கு அவர் 1 என்று தொடங்கவில்லை. 30 என்று தொடங்கி 80இல் முடித்தார். இதைவிடப் பழையது என்றாவது கிடைக்கும், அதற்கு இடம் வேண்டும் என்று முன்னால் வெற்றிடம் விட்டார். 1920களில் பதாரி என்ற இடத்தில் கை பிரண்டனும் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் அப்படியொரு பண்பாட்டைத் தோண்டியெடுத்தார்கள். எந்த எண்ணையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. 30க்கு முன்னால் இடம் காலியாகவே இருந்தது.