முன்னால் பேட்ஜ், பின்னால் புகை: ஃபோக்ஸ்வேகன் கதை

கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி, பதிலையும் உள்ளே வைத்துக்கொண்டே வரும். "ஜெர்மன் வண்டி சார், இன்ஜின் விஷயத்துல கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம், இல்லையா?" என்பார்கள். வாகனப் புகையை அளக்கும் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். கதவைச் சாத்தும்போது வரும் கனமான சத்தம், நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டியும் ஆடாத ஓட்டம் இவற்றிலெல்லாம் அந்தப் பெயருக்கு நியாயம் உண்டு. ஆனால் புகைக்குழாய் விஷயத்தில் எந்த நாட்டுப் பெயரையும் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஃபோக்ஸ்வேகன் கதையைச் சொல்வது வழக்கம். கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கினால்தான் அது புரியும்.

இந்த கம்பெனியை எந்த முதலாளியும் ஆரம்பிக்கவில்லை. 1937 மே மாதம் இதைத் தொடங்கியது நாஜிகளின் தொழிலாளர் அமைப்பான ஜெர்மன் தொழிலாளர் முன்னணி. காரை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. விலை 990 மார்க் என்று அறிவித்தார்கள். செலவுக் கணக்குப் போட்டு வந்த விலை அல்ல அது, அரசியல் போட்ட விலை. வாரம் 5 மார்க் கட்டி ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும், அட்டைகள் நிரம்பினால் கார் வீட்டுக்கு வரும் என்றார்கள். நம் ஊர் நகைச்சீட்டு போலத்தான். சுமார் 3,36,000 பேர் கட்டினார்கள். திட்டப்படி ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. போர் வந்தது, தொழிற்சாலை ராணுவ வண்டிகளுக்குத் திரும்பியது. பெர்லின் வங்கியில் இருந்த பணம் போர் முடிவில் சோவியத் படைகளின் கையில் போனது. ஏமாந்தவர்கள் பல வருடங்கள் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள். 1961இல் ஒரு சமரசம் வந்தது: புது கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி, வேண்டாமென்றால் கையில் 100 மார்க்.

அந்தப் போர்க்காலத்தைப் பற்றி விளம்பரப் புத்தகங்கள் அதிகம் பேசாது. சுமார் 20,000 பேரை அங்கே கட்டாயப்படுத்தி வேலை வாங்கினார்கள். போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள், போலந்திலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் பிடித்து வந்த பெண்கள் எல்லோரும் அதில் உண்டு. அந்தப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பிரித்து ரூஹன் என்ற ஊரில் ஒரு காப்பகத்தில் வைத்தார்கள். கவனிப்பில்லாமல் முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இறந்தன. கம்பெனியே 1980களில் ஹான்ஸ் மோம்சன் என்ற வரலாற்றாசிரியரிடம் இந்த ஆய்வை ஒப்படைத்தது, 1996இல் அது பெரிய நூலாக வந்தது. தாமதம்தான். ஆனாலும் தன் அழுக்கைத் தானே பணம் கொடுத்து எழுதவைத்த கம்பெனிகள் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஃபோக்ஸ்வேகனின் நல்ல பெயர் போருக்குப் பிறகு சம்பாதித்தது. அதற்கு முதல் காரணம் ஒரு ஆங்கிலேயர். 1945 ஆகஸ்டில் இவான் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ மேஜர் குண்டுவீச்சில் சிதைந்துகிடந்த அந்தத் தொழிற்சாலைக்குப் பொறுப்பேற்றார். ராணுவத்துக்கு வண்டி வேண்டியிருந்தது, 20,000 கார்களுக்கு ஆர்டர் கிடைத்தது. தொழிற்சாலையைச் சுற்றியிருந்த ஊருக்கு வூல்ஃப்ஸ்பர்க் என்று புதுப்பெயர் வந்ததும் அந்த வருடம்தான். பிரிட்டிஷ் கார் கம்பெனிகள் வந்து பார்த்துவிட்டு, இந்த வண்டி விலைபோகாது என்று கைவிரித்துப் போயின. அவ்வளவு தூரத்துக்குத் தொழில் தெரிந்தவர்களின் கணிப்பும் தப்பும்!

1948இல் தலைமைக்கு வந்த ஹைன்ஸ் நார்ட்ஹாஃப் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். வெளி வடிவத்தை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இருந்த குறைகளை வருடாவருடம் சரிசெய்துகொண்டே போனார். உதிரிபாகமும் சர்வீஸும் இல்லாத ஊரில் வண்டியை விற்க வேண்டாம் என்பது அவர் பிடிவாதம். போர்ஷே வடிவமைத்த அந்தக் காருக்குத்தான் பீட்டில் என்று பெயர். 1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது பீட்டில் வெளிவந்தது. 1972 பிப்ரவரி 17 அன்று, ஃபோர்டின் மாடல் டி வைத்திருந்த உற்பத்திச் சாதனையை பீட்டில் தாண்டியது. மெக்சிகோவின் புவெப்லாவில் 2003இல் கடைசி பீட்டில் வெளியேறியபோது மொத்தக் கணக்கு 2,15,29,464.

அறுபதுகளில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த ஒரு விளம்பரம் எங்கள் துறையில் இன்றும் பேசப்படும். பளபளவென்று நிற்கும் ஒரு பீட்டிலைக் காட்டி, இது தேறாத வண்டி என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். உள்ளே படித்தால்தான் விஷயம் தெரியும். கையுறைப் பெட்டி மேல் இருந்த ஒரு குரோம் பட்டையில் சிறு கறை இருந்ததற்காக ஒரு பரிசோதகர் அந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஆலையில் 3,389 பரிசோதகர்கள், தினமும் தயாராவது 3,000 கார்கள் என்று கணக்கும் கொடுத்திருந்தார்கள். வெளியில் யாருக்கும் தெரியாத குறையைக்கூட நாங்களே பிடித்து நிறுத்துகிறோம் என்ற அந்த வாக்குதான் இந்தக் கம்பெனியின் மூலதனம். ஐம்பது வருடம் கழித்து அதில்தான் கைவைத்தார்கள்.

அப்புறம் டீசலுக்கு வருவோம். டீசல் இன்ஜினில் தீராத ஒரு இழுபறி உண்டு. சூடாகவும் காற்று தாராளமாகவும் எரிந்தால் மைலேஜ் நன்றாக வரும், கூடவே நைட்ரஜன் ஆக்சைடும் ஏறும். எங்கள் கூடத்தில் இதை நாக்ஸ் என்போம். புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள் விட்டுச் சூட்டைக் குறைத்தால் நாக்ஸ் இறங்கும், ஆனால் கரி கூடும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். இல்லையென்றால் நாக்ஸைப் பிடித்துவைக்கும் பொறி ஒன்றைப் பொருத்தலாம். அதை அடிக்கடி சுத்தம் செய்யக் கூடுதல் டீசல் போகும். மூன்றாவது வழி யூரியா கரைசல் தெளிப்பது. அதற்குத் தனி டாங்கி, இடம், செலவு, வாடிக்கையாளர் நடுவில் நிரப்ப வேண்டிய தொல்லை. எந்த வழியில் போனாலும் யாராவது விலை கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் அப்போது இருந்த நாக்ஸ் வரம்பு மைலுக்கு 0.07 கிராம், அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 43 மில்லிகிராம். சுத்தமான டீசல், நல்ல மைலேஜ், நல்ல இழுவை மூன்றும் ஒரே வண்டியில் கிடைக்கும் என்று ஃபோக்ஸ்வேகன் அங்கே விளம்பரம் செய்தது.

சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் ஏமாற்றின விதம் விளங்கும். வண்டியை முந்தின நாளே கொண்டுவந்து, குறிப்பிட்ட வெப்பநிலையில் மணிக்கணக்கில் ஆறவிடுவோம். பிறகு ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போய் உருளைகள் மேல் ஏற்றுவோம். சங்கிலி போட்டுக் கட்டி, பானெட்டுக்கு முன்னால் பெரிய விசிறி வைத்து, புகைக்குழாயில் தடித்த ஹோஸ் மாட்டுவோம். ஓட்டுநர் முன்னால் ஒரு திரையில் வேகக் கோடு ஓடும். கோட்டிலிருந்து விலகாமல் மிதிப்பதுதான் அவர் வேலை. உலகம் முழுக்க அந்தக் கோடு அச்சிட்டு வெளியிடப்பட்ட ஒன்று, ரகசியம் எதுவும் இல்லை. முன் சக்கரம் ஓட்டும் கார் என்றால் முன் சக்கரம் மட்டும் சுழலும், பின் சக்கரம் அசையாது. ஸ்டீயரிங்கை யாரும் திருப்புவதில்லை. அறையின் காற்றழுத்தமும் மாறாது.

இத்தனை அடையாளங்களும் வண்டியின் கணினிக்குத் தெரியும். ஃபோக்ஸ்வேகன் எழுதிய மென்பொருள் இவற்றைச் சேர்த்துப் பார்த்து, இப்போது சோதனைக்கூடத்தில் இருக்கிறோம் என்று முடிவு கட்டியது. உடனே புகைக் கட்டுப்பாடு முழுவதும் வேலை செய்யும். ரோட்டுக்கு வந்ததும் பெரும்பகுதி படுத்துவிடும். உருளை மேல் நிற்கும் வண்டியை எத்தனை தடவை சோதித்தாலும் இதைப் பிடிக்க முடியாது. எங்கள் கருவிகள் சரியாகத்தான் அளந்தன, அளக்கக் கொடுத்த வண்டிதான் வேறு ஆளாக நடித்தது.

பிடித்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு குழு. டான் கார்டர் தலைமையில் அரவிந்த் திருவேங்கடம், மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோர் அதில் இருந்தார்கள். வேலை கொடுத்தது ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் யாரையும் மாட்டிவிட நினைக்கவில்லை. ஐரோப்பிய டீசல்கள் ரோட்டில் அதிகமாகக் கக்குகின்றன, கடுமையான சட்டம் உள்ள அமெரிக்காவில் அதே கம்பெனிகளின் வண்டிகள் சுத்தமாக ஓடுகின்றன என்று காட்டத்தான் கிளம்பினார்கள். டிக்கியில் அளவுக் கருவி, அதற்கு மின்சாரம் கொடுக்க ஜெனரேட்டர், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்கள். இப்படி ஃபோக்ஸ்வேகனின் ஒரு பஸாட் காரை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிப்போய்த் திரும்பினார்கள். பஸாட் வரம்பைப் போல 5 முதல் 20 மடங்கு கக்கியது. அதே கம்பெனியின் ஜெட்டா 15 முதல் 35 மடங்கு. கூடவே சோதித்த இன்னொரு ஜெர்மன் வண்டியான பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே நின்றது. ஜெர்மன் வண்டி என்று மொத்தமாகப் பேசுகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஒப்பீட்டைத்தான்.

2014 மே மாதம் அறிக்கை வெளிவந்தது. அதற்குப் பிறகு கம்பெனி நடந்துகொண்டதுதான் என்னைப் பொறுத்தவரை மோசமான பகுதி. முதலில் உங்கள் அளவு தப்பு என்றார்கள். டிசம்பரில் மென்பொருளைத் திருத்துகிறோம் என்று சுமார் 5 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். கலிஃபோர்னியா காற்று வாரியம் மறுபடி அளந்தது, புகை இன்னும் கூடுதலாகவே இருந்தது. 2016 மாடல்களுக்கு அனுமதி தரமாட்டோம் என்று கழுத்தைப் பிடித்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க அரசு பகிரங்கமாக அறிவித்தது. ஐந்து நாளில் தலைவர் மார்ட்டின் வின்டர்கார்ன் பதவி விலகினார். அந்த வருடத்தின் முதல் ஆறு மாத விற்பனையில் டொயோட்டாவைத் தாண்டி உலகின் முதல் இடத்தில் இருந்த கம்பெனி அது. பாதிக்கப்பட்ட கார்கள் உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி, அபராதமும் இழப்பீடும் 3,000 கோடி யூரோவுக்கு மேல். அமெரிக்காவில் இரண்டு பேர் சிறை போனார்கள். ஜெர்மனியில் 2025 மே மாதம்தான் நான்கு முன்னாள் அதிகாரிகளுக்குத் தண்டனை வந்தது. இதற்கிடையே, 2014இல் அமெரிக்காவில் 10 குரங்குகளை டீசல் புகையைச் சுவாசிக்கவைத்து ஒரு ஆய்வு நடந்ததும் பின்னால் வெளிவந்தது. அதற்குக் கொடுத்த பீட்டில் காரிலும் அதே ஏமாற்று மென்பொருள்!

இந்தியாவுக்கு வந்தால் கதை இவ்வளவு நேராக இல்லை. இங்கே அப்போதிருந்த பிஎஸ்4 என்ற புகை விதியில் டீசல் காருக்கு நாக்ஸ் வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம், அமெரிக்க வரம்பைப் போல கிட்டத்தட்ட ஆறு மடங்கு தாராளம். ரோட்டில் அளக்க வேண்டும் என்று அப்போது சட்டமும் கிடையாது. 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி மூன்றிலும் சேர்த்து சுமார் 3,23,700 கார்களை மென்பொருள் மாற்ற அழைத்தார்கள். நாங்கள் இந்திய விதி எதையும் மீறவில்லை, ரோட்டுச் சோதனைக்கு இங்கே அளவுகோலே இல்லை என்பது கம்பெனியின் வாதம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் கட்டச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவின்படி நடவடிக்கை எடுப்பதை நிறுத்திவைத்தது. விதியில் ஓட்டை இருந்தது என்பது வரை அந்த வாதம் எனக்கும் புரிகிறது. ஆனால் மூக்குக்கு பிஎஸ்4 வேறு, அமெரிக்க விதி வேறு என்று தெரியாது. நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், ஆஸ்துமாவைக் கிளப்பும், வெயிலில் ஓசோனாகவும் நுண்துகளாகவும் மாறும்.

2023 ஏப்ரல் முதல் இந்தியாவிலும் புது கார்களை ரோட்டில் ஓட்டி அளப்பது கட்டாயம். பழைய வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பெட்ரோல் பங்க் பக்கத்தில் எடுக்கும் பியுசி சான்றிதழ் அதைச் சொல்லிவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். டீசல் வண்டிக்கு அங்கே நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை அழுத்தி, புகை எவ்வளவு கறுப்பு என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். நாக்ஸ் பற்றி அந்தத் தாளில் ஒரு எழுத்தும் இருக்காது. கறுப்புப் புகை வராத வண்டியும் நாக்ஸைக் கொட்டிக்கொண்டு போகலாம்.

பழைய டீசல் போலோவோ வென்டோவோ வாங்கப் பார்க்கிறீர்களா? சேசிஸ் எண்ணைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, அந்த 2015 மென்பொருள் மாற்றம் இந்த வண்டிக்கு உண்டா, செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, பதிவைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்ததாக, வண்டியை ரீமேப் செய்திருக்கிறார்களா, அதாவது இன்ஜின் மென்பொருளை வெளியில் மாற்றியிருக்கிறார்களா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். இழுவை கூடும், மைலேஜ் ஏறும் என்று சொல்லி, புகையைத் திருப்பி விடும் வால்வை மென்பொருளிலேயே அணைத்துக் கொடுக்கும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வூல்ஃப்ஸ்பர்க்கில் ரகசியமாகச் செய்ததை இங்கே காசு கொடுத்து வெளிப்படையாகச் செய்துகொள்கிறோம். சோதனை நாளில் மட்டுமாவது அந்த ஜெர்மன் வண்டி ஒழுங்காக இருந்தது, வால்வை அணைத்த வண்டி அன்றைக்கும் இருக்காது. அப்படி ஒரு வண்டி வந்தால், கம்பெனி மென்பொருளையே மறுபடி ஏற்றி, வால்வு வேலை செய்வதை ஸ்கேனரில் காட்டிய பிறகுதான் விலை பேசுவேன் என்று சொல்லிவிடுங்கள்.