நாகரிகச் சமூகம் அல்ல, குடிமைச் சமூகம்

போர் ஓய்ந்த நாடுகளை மறுபடி கட்டியெழுப்புவது பற்றித் தமிழில் வரும் அறிக்கைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் ‘நாகரிகச் சமூகத்தின் பங்கு’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. ‘சிவில் சொசைட்டி’ என்ற ஆங்கிலத் தொடருக்கு யாரோ கொடுத்த தமிழ் இது. தவறான தமிழ் மட்டுமில்லை, இந்த இடத்தில் புண்படுத்தும் தமிழ்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘சிவிஸ்’ என்றால் குடியுரிமை உள்ளவர். அரிஸ்டாட்டில் அரசியல் சமூகம் என்று கிரேக்கத்தில் சொன்னது லத்தீனில் ‘சொசியேதாஸ் சிவிலிஸ்’ ஆனது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் எழுதும்போதுகூட அரசியல் சமூகமும் இதுவும் ஒன்றுதான். 1821இல் வெளிவந்த நூலில் ஜெர்மானியத் தத்துவவாதி ஹெகல்தான் இதைக் குடும்பத்துக்கும் அரசுக்கும் நடுவே தனியாக நிறுத்தினார். அவர் சந்தையையும் அதற்குள் சேர்த்தார். இன்றைய வழக்கு பெரும்பாலும் சந்தையை வெளியே வைக்கிறது. அரசு ஏவாமல், லாபம் நோக்காமல், மக்கள் தாங்களாகக் கூடும் அமைப்புகள் எல்லாம் இதில் அடங்கும். தொழிற்சங்கம், மாதர் சங்கம், வழக்கறிஞர் சங்கம், தேவாலயக் குழு, பள்ளிவாசல் குழு, காணாமல்போனவர்களின் குடும்பத்தார் சேர்ந்து வைத்த சங்கம், எல்லாம்தான்.

இதில் நாகரிகம் எங்கே வந்தது? ஏதாவது கொடுமை நடந்தால் ‘நாகரிகச் சமூகம் வெட்கித் தலைகுனிய வேண்டும்’ என்று எழுதுகிறோம். அங்கே நாகரிகத்துக்கு எதிர்ச்சொல் காட்டுமிராண்டித்தனம். அதே தொடரைக் கொண்டுபோய்ப் போரில் எல்லாம் இழந்தவர்கள் வாழும் ஊரில் வைத்தால் என்ன பொருள் வரும்? நாகரிகமானவர்கள் எங்கிருந்தோ வந்து, நாகரிகமில்லாதவர்களைத் திருத்தப் போகிறார்கள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். ஆனால் ‘சிவில் சொசைட்டி’ என்பது குறிப்பதே அந்த ஊர்க்காரர்களைத்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள லைபீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடையில் ஒன்றாக உட்கார்ந்து உள்நாட்டுப் போரை நிறுத்தச் சொன்னார்கள். கானாவின் தலைநகர் அக்ராவில் அமைதிப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, கூட்டம் நடந்த அரங்கின் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லேமா போவீக்கு 2011இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. மொசாம்பிக்கில் 1992இல் போர் முடிந்த பிறகும் ஊரெங்கும் துப்பாக்கிகள் மிஞ்சிக் கிடந்தன. 1995இல் அந்நாட்டுக் கிறிஸ்தவ சபைகளின் மன்றம் ஒரு திட்டம் தொடங்கியது: துப்பாக்கியைக் கொடுத்தால் மண்வெட்டியோ தையல் இயந்திரமோ சைக்கிளோ கிடைக்கும். இந்த இரண்டு கதையிலும் செயல்பட்டவர்கள் குடிகள். அவர்களுடைய நடை, உடை, நாகரிகம் பற்றிய பேச்சே அங்கு இல்லை.

‘சிவில் சமூகம்’ என்று அப்படியே எழுதினால் போதும் என்பவர்கள் உண்டு. தமிழ்ச் செய்திகளில் பரவலாக வழங்குவதும் அதுதான். கடன்சொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. பேருந்துக்கு பஸ் என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. இங்கே வருகிறது. தமிழ்நாட்டில் ‘சிவில் வேலை’ என்றால் கட்டட வேலை, சிவில் எஞ்சினியர் என்றால் வீடு கட்டுபவர், சிவில் கேஸ் என்றால் சொத்துத் தகராறு. இடிந்த பாலத்தையும் பள்ளியையும் திரும்பக் கட்டுவது பற்றிய கட்டுரையில் ‘சிவில் சமூகத்தின் பங்கு’ என்று போட்டால், ஒப்பந்தக்காரர்களைப் பற்றிய கட்டுரை என்று ஒருவர் நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை.

‘தொண்டு நிறுவனங்கள்’ என்று சுருக்குவது இன்னொரு பிழை. தொண்டு நிறுவனம் இதில் ஒரு பகுதி. பணம் கொடுப்பவர்களுக்கு அறிக்கை எழுதத் தெரிந்த பகுதி என்பதால் அதுவே முழுமை போலத் தெரிகிறது. தலைநகரில் அலுவலகம் உள்ளவர்கள் கூட்டத்துக்கு அழைக்கப்படுகிறார்கள். மீனவர் சங்கம் அழைக்கப்படுவதில்லை. இந்த வழக்கத்துக்கு அந்தச் சொல்லும் துணைபோகிறது.

என் தேர்வு ‘குடிமைச் சமூகம்’. திருக்குறளில் ‘குடிமை’ என்ற அதிகாரம் நற்குடிப் பிறப்பைப் பேசுகிறதே, சோழர் கல்வெட்டுகளில் அது வரியையும் குறிக்கிறதே என்று கேட்பார்கள். சரி, பழைய பொருள் அதுதான். ஆனால் குடிமைப் பணித் தேர்வு, குடிமைப் பொருள் வழங்கல் என்று சொல்லிச் சொல்லி, குடிமக்களைச் சார்ந்தது என்ற பொருள் அதற்கு நன்றாகவே படிந்துவிட்டது. ஈழ வழக்கில் உள்ள ‘குடிசார்’ என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். அதை எழுதுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இந்த அறிக்கைகளில் கூடவே வரும் ‘தனியார் முயற்சி’ என்பதிலும் கவனம் தேவை. இன்றைய தமிழில் தனியார் என்றால் கம்பெனி. உள்நாட்டுப் போரில் இடிந்த லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் நடுநகரைத் திரும்பக் கட்ட 1994இல் உருவான சோலிடேர் கம்பெனி தனியார் முயற்சிதான். அங்கே நிலமும் கடையும் வைத்திருந்தவர்களுக்குச் சொத்துக்குப் பதிலாகப் பங்குகள் கிடைத்தன. இடிந்த தன் கடையைத் தானே நிமிர்த்தித் திறப்பவருடைய முயற்சிக்கும் ஆங்கில மூலத்தில் அதே சொல்தான். இரண்டையும் ஒரே தொடரில் அடைத்தால் யார் கட்டினார், யாருடைய நிலத்தில் கட்டினார் என்ற கேள்வி மறைந்துபோகும். முன்னதற்குத் ‘தனியார் முதலீடு’ என்றும் பின்னதற்குச் ‘சொந்த முயற்சி’ என்றும் பிரித்து எழுதுங்கள்.