வர்க்கமூலமும் புறமூலமும்

வர்க்கமூலம் என்பதைப் பள்ளியில் ஒரே சொல்லாக மனப்பாடம் செய்துவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் இரண்டும் வடசொற்கள். வர்க்கம் என்றால் கூட்டம், இனம். தொழிலாளர் வர்க்கம் என்கிறோமே, அதே சொல்தான். கணக்கில் அது ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவது. மூலம் என்றால் வேர். மூலிகையும் இங்கிருந்து வந்ததே. அரபியில் இதற்கு ஜித்ர், லத்தீனில் ராடிக்ஸ். அவற்றுக்கும் வேர் என்றுதான் பொருள். 25 தரைக்கு மேல் தெரிவது, 5 அதன் வேர். √ குறியை 1525-இல் அச்சான தன் இயற்கணித நூலில் பயன்படுத்தியவர் ஜெர்மானியரான கிறிஸ்டோஃப் ருடோல்ஃப்.

தமிழில் இருபடி மூலம் என்று சொல்லலாம். எனக்கு இதுதான் பிடிக்கும். 'இருபடி' என்றதுமே எத்தனை முறை பெருக்கினோம் என்பது தெரிந்துவிடுகிறது. கனமூலம் தானாகவே முப்படி மூலம் ஆகிவிடும். 'இருபடி வேர்' இன்னும் தூய தமிழ். ஆனால் மூலம் நம் நாவில் ஊறிப்போன சொல், அதை விரட்ட வேண்டியதில்லை.

குழப்பம் வேறிடத்தில் வருகிறது. சமன்பாட்டின் தீர்வுக்கும் மூலம் என்றே பெயர். √(அ + 6) = அ என்பதை எடுத்துக்கொள்வோம். குறியை நீக்க இருபுறமும் இருபடியாக்கினால் அ + 6 = அ², அதாவது அ² − அ − 6 = 0. இதன் மூலங்கள் 3, −2. சரி, இரண்டையும் முதல் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள். 3 என்றால் √9 = 3, பொருந்துகிறது. −2 என்றால் இடப்பக்கம் √4, அதாவது 2, வலப்பக்கம் −2. பொருந்தவில்லை. √ குறி எதிர்மமல்லாத மூலத்தை மட்டுமே தரும். இருபடியாக்கும்போதோ 2, −2 இரண்டும் 4 ஆகி, அடையாளம் அழிந்துவிடுகிறது.

இப்படி நுழையும் −2-க்கு ஆங்கிலத்தில் எக்ஸ்ட்ரேனியஸ் ரூட் என்று பெயர். வெளியிலிருந்து வந்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழில் 'போலி மூலம்' என்றால் −2-க்கு அநியாயம். அது அ² − அ − 6 = 0 என்பதற்கு உண்மையான மூலமேதான்; நாம் தொடங்கிய சமன்பாட்டுக்குத்தான் புறத்தே நிற்கிறது. அதனால் புறமூலம் என்பதே பொருத்தம்.