நெட்வொர்க்: வலையா, தொடர்பா?

வேலை தேடும் இளைஞருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, ‘உன் நெட்வொர்க்கைப் பெரிதாக்கு’ என்பது. இதையே ‘உன் வலையை விரி’ என்று தமிழாக்கினால் படிப்பவருக்கு வேடன்தான் நினைவுக்கு வருவான். தமிழில் வலை என்றாலே எதையோ பிடிப்பதற்கானது. தலைமறைவானவரைப் போலீசார் வலைவீசித் தேடுகிறார்கள். ஏமாந்தவர் மோசடிக் கும்பலின் வலையில் விழுகிறார். நாளிதழைப் புரட்டினால் இந்த இரண்டு வலைகளும் தினமும் கண்ணில் படும். ஒரு துறையில் இருப்பவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இந்தச் சொல்லை அப்படியே எடுத்து மாட்டினால் அது சரியாக உட்காரவில்லை.

ஆங்கிலத்தில் அது எப்படி உட்கார்ந்தது? ‘நெட்’ என்பது வலை. ‘வொர்க்’ என்பது இங்கே உத்தியோகம் இல்லை. ஜரிகை வேலை, மர வேலை என்கிறோமே, அந்த வேலை. ஆக, வலை போன்ற வேலைப்பாடு. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், யாத்திராகமம் 27ஆம் அதிகாரத்தில், பலிபீடத்துக்குச் செய்யச் சொல்லப்படும் வெண்கலச் சல்லடையை இந்தச் சொல்தான் வருணிக்கிறது. பழைய தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் நிற்கும் சொல் ‘வலைப்பின்னல்’. சல்லடைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், குறுக்கு நெடுக்காகப் பின்னியது, சம தூரத்தில் அமைந்தது, சந்திப்புகளுக்கு நடுவே இடைவெளி உள்ளது என்று கடினமான லத்தீன் சொற்களை அடுக்கி இதற்குப் பொருள் எழுதினார். வலையைவிட விளக்கம் சிக்கலாகிவிட்டது என்று இன்றுவரை சிரிக்கிறார்கள். பிறகு கால்வாய்கள், ரயில் பாதைகள், வானொலி நிலையங்கள், கணினிகள் என்று சொல் பரவிக்கொண்டே போனது.

மனிதர்களின் உறவுக்கு இந்தச் சொல்லை ஆய்வுக் கருவியாக்கியவர்களில் முன்னோடி ஜே. ஏ. பார்ன்ஸ் என்ற மானிடவியலாளர். நார்வேயில் மீன்பிடித் தொழில் நடக்கும் பிரெம்னெஸ் என்ற தீவுப் பகுதியில் தங்கி ஆராய்ந்து, 1954இல் கட்டுரை வெளியிட்டார். புள்ளிகள் மனிதர்கள், கோடுகள் அவர்களின் பழக்கம்: இதுதான் அவர் மனத்தில் இருந்த படம். முதலில் அவர் கையாண்டது சிலந்தி வலையையும் குறிக்கும் ‘வெப்’ என்ற சொல். படிப்பவர்கள் தட்டையான ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்று பிறகு ‘நெட்வொர்க்’ என மாற்றிக்கொண்டார். தமிழில் இந்தச் சிலந்தி வலையும் வலை, மீன் வலையும் வலை. ‘சமூக வலைத்தளம்’ என்பதில் இருப்பது சிலந்தி வலை. ‘கணினி வலையமைப்பு’ என்பதில் இருப்பது மற்றது.

1973இல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் இன்னொரு படி போனார். பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலைக்குச் சேர்ந்தவர்களிடம், அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது என்றவர்கள் 56 விழுக்காட்டை ஒட்டி இருந்தார்கள். அரிதாக என்றவர்கள் 28 விழுக்காட்டை நெருங்கினார்கள். காரணம் எளியது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கக்காரர்தான் நாம் கேள்விப்படாததைக் கொண்டுவருவார். லிங்க்ட்இன் போன்ற தளங்கள் 2003 முதல் செய்துவருவது இந்தத் தூரத்துப் பழக்கத்தைப் பட்டியலாக்கி வைப்பதுதான். நம் ஊரில் இதைச் சிபாரிசோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். ‘வேண்டியவர்’ மூலம் காரியம் சாதிப்பது சிபாரிசு. ‘தெரிந்தவர்’ மூலம் செய்தி வருவது வேறு. பேச்சுவழக்கு இந்த இருவரையும் என்றைக்கோ பிரித்துவைத்துவிட்டது.

இனித் தமிழ்ச் சொற்கள். கணினித் துறையில் ‘பிணையம்’ என்பதற்குச் செல்வாக்கு உண்டு. பிணைத்தல் என்ற வினை பொருத்தமானதுதான். ஆனால் வங்கி விளம்பரத்தில் ‘பிணையமில்லாக் கடன்’ என்றும், நீதிமன்றச் செய்தியில் ‘பிணையில் விடுதலை’ என்றும் படித்துப் பழகியவருக்கு ‘மருத்துவர் பிணையம்’ என்றால் யாரோ கைதாகியிருப்பதாகத்தான் தோன்றும். ‘வலையம்’ என்று சுருக்கிப் பார்த்தவர்களும் உண்டு. காதுக்கு அது வளையமாகிவிடுகிறது. பாடநூல்கள் ஆளும் ‘வலையமைப்பு’ இயந்திரங்களுக்கு நன்றாக நிலைத்துவிட்டது, அதை அசைக்க வேண்டியதில்லை.

அடைமொழியிலும் கோளாறு இருக்கிறது. ‘புரொஃபஷனல் நெட்வொர்க்’ என்பதைப் பலர் ‘தொழில்முறை வலையமைப்பு’ என்று எழுதுகிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரர் என்றால், பொழுதுபோக்காக ஆடாமல் அதையே பிழைப்பாகக் கொண்டவர். செவிலியர்களோ ஆசிரியர்களோ கூடும் இடத்தில் அந்த வேறுபாட்டுக்கு வேலையே இல்லை. அவர்கள் ஒரே துறையினர், அவ்வளவுதான். ‘துறைசார்’ என்பதே போதும்.

மனிதர்கள் பக்கத்துக்கு என் தேர்வு ‘தொடர்பு’. பழமையான சொல். ‘நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு’ என்ற குறளில் (783) நட்பைக் குறிக்க வருவது அதுதான். படிக்கப் படிக்க நூல் இன்பம் தருவதுபோல, பழகப் பழக நல்லவர் தொடர்பு இன்பம் தரும். ‘துறைத்தொடர்பு’ என்று சேர்த்தால் சிறியதாக இருக்கிறது. சிக்க வைக்கும் வாசனையும் இல்லை.

அதே குறளில் இன்னொரு சொல்லும் கிடைக்கிறது: பயிலுதல். கற்பதும் பயிலுதல், கைப்பழக்கமாகச் செய்வதும் பயிலுதல், ஒருவரோடு பழகுவதும் பயிலுதல். ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991இல் எழுதிய நூலில், லைபீரியாவின் தையற்காரர்கள் முதலியோரை ஆராய்ந்து, ஒரே வேலையைச் செய்பவர்கள் கூடிக் கற்கும் குழுவுக்குக் ‘கம்யூனிட்டி ஆஃப் பிராக்டிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அதைத் தமிழில் ‘நடைமுறைச் சமூகம்’ என்று எழுதுவது எதையும் சொல்லவில்லை. ‘பயில்குழு’ என்றால் கற்றல், செய்தல், பழகுதல் மூன்றும் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன.

பயில்குழுவுக்கு நல்ல சான்று ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுநீக்குநர்கள். (நகலெடுப்பதையே நாம் ஜெராக்ஸ் எடுப்பது என்கிறோம், அந்த நிறுவனம்தான்.) ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் அவர்கள் கூடவே சுற்றினார். இயந்திரம் ஒரு பிழை எண்ணைக் காட்டும். கையேடு சொன்னபடி பாகத்தை மாற்றினாலும் பழுது போகாது. அப்போது இருவர் அதன்முன் நின்று, முன்பு வேறு இடத்தில் இப்படி ஆனபோது என்ன நடந்தது என்று கதை மேல் கதையாகச் சொல்லிக்கொண்டே காரணத்தை நெருங்குவார்கள். காலை உணவு மேசையிலும் இதே பேச்சுதான். பின்னாளில் நிறுவனம் இந்தக் குறிப்புகளை ‘யுரேகா’ என்ற தரவுத்தளத்தில் சேர்த்தது. ஒருவர் அனுப்பும் குறிப்பைச் சக பழுதுநீக்குநர்கள் சரிபார்த்த பிறகே அது எல்லோருக்கும் போகும், அனுப்பியவரின் பெயரோடு.

‘நெட்வொர்க்கிங்’ என்ற வினைக்குத் ‘தொடர்பு வளர்த்தல்’ என்று எழுதலாம். கருத்தரங்க அழைப்பிதழ்களில் தேநீர் இடைவேளைக்குப் பக்கத்தில் அச்சாகும் ‘நெட்வொர்க்கிங் செஷன்’ என்பதற்கு ‘அறிமுகக் கூடல்’ பொருந்தும். மொபைலில் நெட்வொர்க் கிடைக்காவிட்டால் மட்டும் புதுச் சொல் தேட வேண்டாம். அதை மக்கள் ‘டவர் இல்லை’ என்று முடித்துவிட்டார்கள்.