கருக்கலைப்புக்கு டாக்டர் மறுத்தால்: ராமநாதபுரம் கரையோரப் பெண்களுக்கு

"நாங்க அதெல்லாம் செய்யிறதில்லம்மா" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். காரணம் அவருடைய மதநம்பிக்கை மட்டும்தான் என்றால் அந்த மறுப்பு செல்லாது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் 7-ஆம் அத்தியாயத்தில், மருத்துவத் தேவை இருக்கும்போது மதத்தை மட்டும் காட்டிக் கருக்கலைப்புக்கு உதவ மறுப்பது தவறான நடத்தை. அரசு, தனியார் இருவருக்கும் இது பொருந்தும். அந்தச் சிகிச்சை தனக்குத் தெரியாது என்றால் மறுக்கலாம். அப்போதும் தெரிந்தவரிடம் அனுப்பிவைப்பதே முறை.

மறுப்பை விட மோசமானது, அதனால் கழியும் வாரங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ நான்கு வாரம் குறைத்துச் சொல்லிவிடுவீர்கள். 9 வாரம் வரை மாத்திரை போதும். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருத்தடை தவறியதும் ஏற்கத்தக்க காரணமே, மணமாகாதவருக்கும். 20 முதல் 24 வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும், அதுவும் வன்கொடுமை, 18 வயதுக்குக் கீழ், கர்ப்ப காலத்தில் கணவர் இறப்பு அல்லது மணமுறிவு, கருவின் குறைபாடு போன்ற நிலைகளுக்கே. 24-ஐத் தாண்டினால், கருவுக்குக் கடும் குறைபாடு என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும்.

இந்தக் கரையில் நாளைத் தின்னும் இன்னொன்று கணவர் கையெழுத்து. பாம்பனில், தங்கச்சிமடத்தில் அவர் கடலில் இருப்பார், இல்லை இலங்கைச் சிறையில். கீழக்கரையில் என்றால் துபாயில். காத்திருக்கவே வேண்டாம். 18 நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். 'படிவம் சி'யில் கையெழுத்திடுவது நீங்கள். 18-க்குக் கீழ் என்றாலோ மனநலம் பாதித்திருந்தாலோதான் காப்பாளர் கையெழுத்து. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக் கூடாது என்று 29.9.2022 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உங்கள் விவரத்தை வெளியே சொல்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். காரணத்தையும், எங்கே போக வேண்டும் என்பதையும் ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அன்றைக்கோ மறுநாளோ ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குப் போய்விடுங்கள். ஸ்கேன் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். அங்கும் இழுத்தடித்தால் டீனிடம் எழுத்தில் கொடுங்கள், இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழையுங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம், ஆனால் அது விசாரணைக்குத்தான்; உங்கள் வாரம் அதற்காக நிற்காது. தனியாரிடம் போனால், கருக்கலைப்புக்கான அனுமதிச் சான்று சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். போட்டுவிட்டு, மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தால் உடனே 108. உயிரைக் காக்க உடனடியாகக் கருக்கலைப்பு செய்தாக வேண்டும் என்றால் வார வரம்பு கிடையாது, ஒரு மருத்துவர் முடிவெடுத்தால் போதும்.